ஒரே சட்டியில் மாட்டிறைச்சி மக்ரோனி: தண்ணீர்க் கணக்குதான் எல்லாம்

பால்மரம்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இதைச் சமைக்கிற வீடுகளில் அடிக்கடி வரும் குறை: இறைச்சி ரப்பர் மாதிரி, மக்ரோனி கூழ் மாதிரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அப்படித்தான் ஆகும். சட்டி ஒன்றுதான், சமையல் இரண்டு கட்டம்.

நாலு பேருக்கு மாட்டிறைச்சி அரைக் கிலோ, வளைந்த மக்ரோனி 250 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 3, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, இறைச்சிக் கறித்தூள் 2 மேசைக்கரண்டி, பட்டை, அன்னாசிப்பூ. பசாரில் கிடைக்கும் இந்தியா ஐஸ் இறைச்சி, அதாவது இந்தியாவிலிருந்து உறையவைத்து வருவது, எருமை இறைச்சி. கொழுப்பு குறைவு, வேக நேரம் பிடிக்கும். முதல் நாள் இரவே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். உருகிய தண்ணீரை வடித்து, துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தண்ணீர் விட்டு அவியுமே தவிர சிவக்காது. அரைக் கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினாலும் இதே கதிதான், இரண்டு தடவையாகப் போடுங்கள்.

சிவந்ததை எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் பட்டை, அன்னாசிப்பூ, வெங்காயம், விழுது. கறித்தூளை அரை கப் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். வெறும் தூளாகப் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். பிறகு தக்காளி. அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள், ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. இறைச்சி, மூன்று கப் தண்ணீர் சேர்த்து, குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சின்னத் தீயில் அரை மணி நேரம். சாதாரணச் சட்டி என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கரண்டியால் அழுத்தினால் துண்டு பிரிய வேண்டும். பிரியாதவரை மக்ரோனிப் பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

இனிதான் முக்கியம். குழம்பை மட்டும் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 250 கிராம் மக்ரோனிக்கு 700 மில்லி வேண்டும். குறைந்தால் கொதிநீர், கூடினால் திறந்து வைத்து வற்ற விடுங்கள். உப்பையும் இப்போதுதான் சரிபார்க்க வேண்டும், மக்ரோனி குழம்பை இழுக்கும்போது உப்பும் தூக்கலாகும்.

மங்குசட்டி:
பால்மரம் அக்கா சொன்ன அளவு சரி. குக்கரில் செய்கிறவர்கள் கவனிக்கவும்: மக்ரோனி போட்ட பிறகு குக்கர் மூடியைப் பூட்டவே கூடாது. மாவு நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும். சாதாரணத் தட்டால் பாதி மூடினால் போதும்.

அளந்த குழம்பைத் திரும்பச் சட்டியில் ஊற்றிக் கொதித்ததும் மக்ரோனியைப் போட்டு, முதல் மூன்று நிமிடம் கை எடுக்காமல் கிளறுங்கள், ஒன்றோடொன்று ஒட்டுவது அப்போதுதான். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அடியைச் சுரண்டிவிட்டால் போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்து, மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். அணைக்கும்போது தளதளவென்று குழம்பு தெரிய வேண்டும். அடுப்பிலேயே வற்றவிட்டால் தட்டுக்கு வருவதற்குள் களியாகிவிடும்.

பால் சேர்க்க ஆசைப்பட்டால் டின்னில் வரும் கெட்டிப்பால், சர்க்கரை இல்லாதது, அரை கப், அணைத்த பிறகு. பச்சைப் பால் தக்காளிப் புளிப்பில் திரிந்துவிடும்.

கருவேப்பிலை:
உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு: தக்காளிப் புளிப்பில் கிழங்கு சீக்கிரம் மசியாது. தனியே முக்கால் வேக்காடு வேகவைத்து, மக்ரோனியோடு சேர்த்துப் போடுங்கள்.

கொத்திய இறைச்சி என்றால் குக்கர் தேவையில்லை. அரைக் கிலோவுக்கு கால் தேக்கரண்டி சோடா மாவு (பேக்கிங் சோடா) பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் அதிகம் விடாமல் மிருதுவாக வேகும், இருபது நிமிடம் போதும். சோடா கூடினால் சோப்பு வாடை வந்துவிடும், அளவை மீறாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில் ஆட்டிறைச்சிக்கும் இதே தண்ணீர்க் கணக்குதான். இளம் ஆடாக இருந்தால் குக்கரில் இருபதாவது நிமிடத்திலேயே திறந்து பாருங்கள்.

ஷிப்ட் முடிந்து ஆளுக்கொரு நேரத்தில் வருகிற வீடுகளில் முழுக்கச் சமைத்து வைக்காதீர்கள். இறைச்சிக் குழம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, வருகிறவருக்கு 60 கிராம் மக்ரோனி, 170 மில்லி குழம்பு என்று சின்னச் சட்டியில் போட்டால் பத்து நிமிடம். மிஞ்சினதை மறுநாள் சூடாக்கும்போது நாலு கரண்டி கொதிநீர் தெளித்து மூடிச் சூடாக்குங்கள். எண்ணெய் ஊற்றினால் இளகாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும்.