அவசர உதவி: சுவர்க் கறை போகவே மாட்டேன் என்கிறது

கொட்டகலை_ஷா:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுச் சுவரில் கறை. கழுவினேன், போகவில்லை. மேலே பெயின்ட் அடித்தேன், காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்குச் சடங்கு. பதுளையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். யாராவது சட்டென்று ஒரு வழி சொல்லுங்கள்.

பனிமலை:
என்ன நிறக் கறை? எந்த அறை? என்ன பெயின்ட்?

மஸ்கெலியா அக்கா:
இந்த மழைக்கு அது பூஞ்சணம்தான் தங்கச்சி. எங்கள் பக்கம் மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை சுவர் காயாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

லிந்துலை ரவி:
ப்ளீச்சில் கொஞ்சம் வினாகிரியும் ஊற்றினால் இன்னும் நன்றாக வெளுக்கும்.

பழைய பாஸ்:
ரவி தம்பி, தெரியாததைச் சொல்லாதீர்கள். ப்ளீச்சும் வினாகிரியும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்னக் காம்பராவில் அது நெஞ்சை அடைத்துவிடும். அமோனியா உள்ள கிளீனரையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. இதை இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! யாரும் பழையதைத் தேடிப் படிப்பதில்லை.
கேள்வி கேட்டவருக்கு: கறுப்புப் புள்ளியில் ஒரு சொட்டு ப்ளீச் வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். அப்படியே இருந்தால் புகைக்கரியோ அழுக்கோ. இதுகூடப் பார்க்காமல் பெயின்ட் அடித்தால் காசுதான் வீண்.

பனிமலை:
பாஸ் அண்ணன் சொல்வது சரி, ஆனால் நிறம் என்னவென்று ஷா இன்னும் சொல்லவே இல்லையே.

கொட்டகலை_ஷா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், மேலே கொஞ்சம் கறுப்பு. விறகு அடுப்புக்குப் பின்பக்கச் சுவர். அடித்தது தண்ணீரில் கலக்கும் இமல்ஷன் பெயின்ட். ப்ளீச் வைத்தேன், வெளுக்கவில்லை.

பழைய பாஸ்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அது விறகுப் புகையின் தார். இமல்ஷன் மாதிரித் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டை மேலே அடித்தால் அந்த ஈரத்தில் தார் கரைந்து மேலே ஏறிவரும். எத்தனை கோட் அடித்தாலும் கதை அதுதான்.
முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்டி எடுங்கள். எடுத்த எடுப்பில் ஈரத் துணியைப் போட்டால் கரி சுவருக்குள் இறங்கிவிடும். அப்புறம் சலவைச் சோடா கரைத்த சுடுநீரால், கையுறை போட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் அழுக்குத் தண்ணீர் கீழே கோடு போடும். நல்ல தண்ணீரால் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு, கறையை மேலே வரவிடாமல் அடைக்கும் ஆயில் பேஸ் ஸ்டெயின் சீலர் ஒரு கோட். ஷெலக் (அரக்கில் செய்த சீலர்) கிடைத்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் காயும். அதன் மேல்தான் இமல்ஷன்.

மஸ்கெலியா அக்கா:
சுவர் காயாமல் ஆயில் பெயின்ட் அடித்தால் கொப்பளித்துக்கொண்டு உரியும். கொட்டகலையில் இந்த மாதம் எப்படிக் காயும்?

பனிமலை:
ஈரமான துணியால் ஓரத்தில் ஒருமுறை தேய்த்தும் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது இமல்ஷன் இல்லை, டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ. அதன் மேல் எதுவும் பிடிக்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

லிந்துலை ரவி:
எல்லாம் சரி, தார் ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) விறகு எரிப்பார்கள், அதில் எண்ணெய் அதிகம். தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய குச்சி, அதுதான் மிலாறு, எரித்தால் இந்தத் தொல்லை வராது.

மஸ்கெலியா அக்கா:
அப்படிச் சொல்லாதே தம்பி. நாங்கள் காலம் காலமாக மிலாறுதான் எரிக்கிறோம், எங்கள் சுவரும் கறுப்புத்தான். எந்த விறகும் ஈரமாக எரிந்தால் புகையும்.

லிந்துலை ரவி:
மழையில் நனைந்த மிலாறு என்றால் புகையத்தான் செய்யும் அக்கா. காய்ந்ததைத்தான் சொன்னேன்.

பழைய பாஸ்:
விறகை விடுங்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் அடுப்புக்குப் புகைக்கூண்டு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். புகைக்கு வழி வைக்காமல் சுவரைக் கழுவச் சொல்வது நியாயமே இல்லை. அந்தப் புகையைத் தினமும் மூச்சில் இழுப்பது நம் பெண்கள்தான்.

மஸ்கெலியா அக்கா:
வழி வைப்பது யார் செலவில்? கூரைத் தகரத்தில் ஓட்டை போடத் தோட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். சொல்வது லேசு.

பழைய பாஸ்:
அனுமதி கேட்காமலே இருந்தால் எப்போதும் கிடைக்காது அக்கா.

கொட்டகலை_ஷா:
துணியில் நிறம் ஒட்டவில்லை. கழுவி, அடுப்பு மூட்டாமல் காய வைத்து, சீலர் ஒரு கோட் அடித்தாயிற்று. ஷெலக் ஹாட்வெயாரில் இல்லை. இதுவரை கறை மேலே வரவில்லை. எல்லோருக்கும் நன்றி, சடங்கு வேலை கிடக்கிறது.

பனிமலை:
சந்தோஷம். மேலே உத்தரத்துப் பக்கமும் பழுப்பு இருந்ததா? இருந்தால் அது கூரை ஒழுக்காகவும் இருக்கலாம், பார்த்தீர்களா?