வீட்டில் பூசணி சீஸ்கேக்: செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பியோரியா, இல்லினாய், அமெரிக்காவிலிருந்து:

நவம்பர் பிறந்தாலே இங்கே நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் திருநாள் சாப்பாட்டுக்கு இந்த ஊர்க்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன செய்துகொண்டு போவது? நான் எல்லோருக்கும் பூசணி சீஸ்கேக்கைத்தான் சொல்வேன், கிரீம் சீஸ் என்ற மென்மையான பாலாடைக்கட்டியில் பூசணி விழுது கலந்து சுடும் கேக். மாவு ஓட்டில் பூசணி விழுதை ஊற்றிச் சுடும் பூசணி பை (pie) எப்படியும் அவர்கள் வீட்டிலேயே இருக்கும். சீஸ்கேக் என்றால் வேலை அதிகம் என்று பலர் தொடுவதில்லை. முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. விருந்தன்று வான்கோழி மணிக்கணக்காக ஓவனை அடைத்துக்கொண்டிருக்கும், வேறு எதையும் உள்ளே வைக்க முடியாது.

எங்கள் ஊரிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் மார்ட்டன். அமெரிக்காவில் டப்பாவில் விற்கும் பூசணி விழுதில் பெரும்பகுதி இந்தச் சின்ன ஊரின் லிபீஸ் ஆலையிலிருந்துதான் வருகிறது. அறுவடைக் காலத்தில் வண்டியில் போகும் காயைப் பார்த்தால் பூசணி என்றே தோன்றாது. ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கிறார்களே, அந்த ஆரஞ்சு உருண்டை இல்லை. சந்தன நிறத்தில் நீளவாக்கில் பருத்த காய். டிக்கின்சன் ரகம் என்பார்கள். தாவரவியலில் குக்கர்பிட்டா மொஸ்காட்டா. நாம் சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் போடும் மஞ்சள் பூசணியும் இதே இனம்தான். முகம் செதுக்கும் காய் குக்கர்பிட்டா பெப்போ என்ற வேறு இனம். தண்ணீரும் நாருமாக இருக்கும். ஹாலோவீன் முடிந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி சீஸ்கேக்கில் போடாதீர்கள். டப்பா வாங்கும்போதும் வெறும் பூசணி விழுதுதானா என்று லேபிளைப் பார்த்து எடுங்கள். பக்கத்திலேயே சர்க்கரையும் மசாலாவும் கலந்த பை ஃபில்லிங்கும் அதே மாதிரி டப்பாவில் இருக்கும்.

2009-இல் அறுவடை நேரத்தில் மழை விடவே இல்லை. வயலுக்குள் வண்டி இறங்க முடியாமல் காய்கள் வீணாகி, அந்த வருடம் கடைகளில் டப்பாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. இங்கே பலகாலம் இருப்பவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

எனக்கு இந்தக் கேக்கைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஒரு சனிக்கிழமை, “எழுதிக்கொள்ள வேண்டாம், கூட நின்று பார்” என்று கூப்பிட்டார். டப்பாவைத் திறந்து நேராக கிரீம் சீஸில் கொட்டப்போகிறார் என்று பார்த்தால், அடிகனமான வாணலியில் கொட்டி அடுப்பில் ஏற்றினார்.

இந்தக் கேக்கின் சூட்சுமமே அதுதான். பூசணி விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 425 கிராம் டப்பா, 280 அல்லது 300 கிராமுக்கு வரும்வரை சுருளக் கிளற வேண்டும். முதலில் தொப் தொப்பென்று கொப்பளித்துக் கையில் தெறிக்கும். தீயைத் தணித்துவிடுங்கள். சிறிது நேரத்தில் தகர வாடையும் பச்சை வாடையும் போய், சுட்ட பூசணியின் வாசம் எழும்பும். வெளிர் ஆரஞ்சாக இருந்தது செங்கல் நிறத்துக்கு இறங்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும், கோடு உடனே மூடக் கூடாது. அல்வா கிளறிப் பழகிய கைக்கு இந்தப் பதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, பூசணி ருசியே தெரியவில்லை, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது, அடிப் பிஸ்கட் ஊறிவிட்டது என்று சொல்பவர்கள் எல்லோருமே இந்தக் கிளறலைத் தவிர்த்தவர்கள்.

அடுப்பை அணைத்ததும் அந்தச் சூட்டிலேயே மசாலாவைப் போட்டுவிட வேண்டும்: பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், சுக்குப்பொடி அரை, ஜாதிக்காய் கால், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. கடையில் இதையே கலந்து பம்ப்கின் பை ஸ்பைஸ் என்று விற்கிறார்கள். மெக்கார்மிக் நிறுவனம் 1934-இலேயே கொண்டுவந்த கலவை. 2003-இல் ஸ்டார்பக்ஸ் இந்த மசாலா போட்ட காபியை விற்கத் தொடங்கியபின், இலையுதிர்காலம் வந்தாலே ஊர் முழுக்க இதே மணம். டப்பாவில் மாதக்கணக்காகக் கிடந்த பொடியைவிட, ஜாதிக்காயை அப்போதே துருவிப் போட்டால் எவ்வளவோ மேல். விழுது முழுதாக ஆறட்டும்.

கலவைக்கு 680 கிராம் கிரீம் சீஸ், அதாவது இங்கே கிடைக்கும் கட்டியில் மூன்று. கொழுப்பு குறைத்ததும் வேண்டாம், ரொட்டியில் தடவ டப்பாவில் வருவதும் வேண்டாம், அட்டைப்பெட்டியில் வரும் கட்டிதான் சரி. இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால்தான் கட்டி தட்டாமல் குழையும். அதோடு ஒரு கப் பிரவுன் சுகர், அரை கப் சோர் கிரீம் (புளிக்கவைத்த கிரீம்), வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு, ஆறிய விழுது. கடைசியாகத்தான் முட்டை: மூன்று முழு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும், ஒவ்வொன்றாக, பீட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து. முட்டை விழுந்தபின் வேகமாக அடித்தால் காற்று புகுந்துகொள்ளும். ஓவனில் பொங்கி, ஆறும்போது அமுங்கி, மேலே பிளந்துவிடும்.

அடிக்கு கிரஹாம் கிராக்கர் என்ற கோதுமை பிஸ்கட்டின் தூள் 200 கிராம், உருக்கிய வெண்ணெய் 85 கிராம், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 9 அங்குல ஸ்பிரிங்ஃபார்ம் தட்டில் (பக்கச் சுவர் தனியாகக் கழன்று வரும் தட்டு) கிண்ணத்தின் அடிப்பக்கத்தால் அழுத்தி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10 நிமிடம்.

பிறகு கலவையை ஊற்றி, வெந்நீர்த் தட்டில் வைத்து 325 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் 212 டிகிரிக்கு மேல் சூடேறாது என்பதால் ஓரம் காய்ந்து நடு வேகாமல் நிற்கும் தொல்லை இல்லை. ஃபாயில் சுற்றினாலும் தண்ணீர் எப்படியாவது உள்ளே கசியும். அந்த அம்மாவின் வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஸ்பிரிங்ஃபார்ம் தட்டை அதைவிட ஓர் அங்குலம் பெரிய சாதாரண கேக் தட்டுக்குள் இறக்கி, அதைத் தண்ணீருக்குள் வைப்பார். ஒரு சொட்டு ஏறாது.

எடுக்கும் நேரம் தெரிவதுதான் முக்கியம். தட்டை லேசாகத் தட்டினால் ஓரம் இரண்டு அங்குலத்துக்கு அசையாமல் நிற்கும், நடு மட்டும் மொத்தமாக ஆடும். அலை அலையாகத் தளும்பினால் இன்னும் வேகவில்லை. ஆட்டமே இல்லையென்றால் முட்டை முறுகிவிட்டது, ஆறும்போது வெடிக்கும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 150 டிகிரி ஃபாரன்ஹீட். அப்போது ஓவனை அணைத்து, கதவைச் சற்றே திறந்து, ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். மிச்ச வேலையை அந்தச் சூடு பார்த்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கத்தியை ஓட்டிவிடுங்கள். கேக் ஆறும்போது உள்ளிழுக்கும். தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் கிழியும். பிறகு ஒரு இரவு முழுக்க ஃபிரிட்ஜில்.

மற்றவர்களும் எழுதுங்கள். முக்கியமாக ஊரில் ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவன் வைத்துச் செய்கிறவர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

ஓடிஜி என்று கூப்பிட்டுவிட்டீர்கள் அக்கா, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அத்தை, மாமா இரண்டு பேரும் முட்டை தொடமாட்டார்கள், எனவே நான் செய்வது முட்டையில்லாத கேக். கடைசியில் அத்தைதான் அதிகம் சாப்பிடுகிறார்.

காய்க்கு இங்கே பஞ்சமே இல்லை, உழவர் சந்தையில் கீற்றாக வெட்டித் தருவார்கள். நன்றாக முற்றி, விதையைச் சுற்றி அடர்ந்த நிறம் இருக்கும் கீற்றாகப் பார்த்து வாங்குவேன். தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். இட்லித் தட்டில் தோலோடு ஆவியில் வைத்து, சதையை வழித்து அரைத்து, நீங்கள் சொன்னதுபோல இரும்பு வாணலியில் சுருளக் கிளறுவேன். டப்பா விழுதில் இந்த இனிப்பு கிடைக்குமா தெரியவில்லை, நம் நாட்டுக்காயில் அது நிறையவே இருக்கிறது.

என் அளவு 7 அங்குலத் தட்டுக்கு: கிரீம் சீஸ் 400 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200, வடிகட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் 150, சுருண்ட பூசணி 150, சோளமாவு இரண்டு டேபிள்ஸ்பூன். முட்டை செய்யும் வேலையைச் சோளமாவு செய்துவிடும். வெட்டினால் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், பட்டுப்போன்ற அந்த மென்மை முட்டை போட்டதில்தான் வரும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தயிரின் லேசான புளிப்பு பூசணி இனிப்போடு சேரும்போது எனக்கு இதுதான் பிடிக்கிறது. அடிக்கு டைஜஸ்டிவ் பிஸ்கட். மாரி பிஸ்கட்டும் சரிதான், வெண்ணெய் மட்டும் கூடுதலாகக் கேட்கும்.

ஓடிஜியில் மேல் கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். அதை அணைத்துவிட்டு, கீழ்க் கம்பி மட்டும் போட்டு, 160 டிகிரி செல்சியஸில் அடித்தட்டில் வைப்பேன். குமிழில் இருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். என் ஓடிஜியில் குமிழுக்கும் உண்மைச் சூட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம்.

ஒரு தடவை பாதி வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அத்தை பதறிப்போய், “எடுத்துப் பாரும்மா, வீணாப் போயிடப் போகுது” என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளே வெந்நீர்த் தட்டு இருந்ததால் சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. கரண்ட் வந்ததும் அப்படியே தொடர்ந்தேன், வழக்கத்தைவிட அரை மணி கூடப் பிடித்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது அன்றைய கேக். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிராம்புக்கு ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்து மலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. நாகர்கோவில் போகிறவர்களிடம் சொல்லி வாங்குவேன். அது எண்ணெய்ச் சத்து நிறைந்தது, கடைப்பொடி போடும் அளவில் பாதி போதும்.

ஸ்கார்பரோ, கனடாவிலிருந்து:

எங்களுக்கு இங்க தேங்க்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை, அதால எங்கட வீட்டில பூசணி கேக் உங்களுக்கு முதலே முடிஞ்சிடும்.

நான் சொல்ல வந்தது கறுவாவைப் பற்றி, நீங்கள் பட்டை எண்டு சொல்லுறது. இஞ்ச சாதாரணக் கடையில சினமன் எண்டு விக்கிறது பெரும்பாலும் கசியா எண்ட வேற வகைப் பட்டை. தடிச்ச ஒற்றைச் சுருள், மணம் காரமா இருக்கும். எங்கட இலங்கைக் கறுவா தாள் மாதிரி மெல்லிசு, உள்ளுக்குள்ள அடுக்கடுக்காச் சுருண்டிருக்கும். கையால நொறுக்கலாம். அம்மா எந்தக் கேக் அடிச்சாலும் ஊர்க் கறுவாதான் வேணும் எண்டுவா. பூசணி பையில கசியா எடுபடும், அதில நான் அம்மாவோட ஒத்துப்போறேல்ல. ஆனா சீஸ்கேக்கில அம்மா சொல்றதுதான் சரி. கிரீம் சீஸின்ர புளிப்பும் பூசணியும் இரண்டும் மெல்லிய ருசி, கசியா அதுகளை அமத்திப்போடும். கறுவா போட்டால் இரண்டும் தெரியும்.

மகளின்ர சிநேகிதியின்ர தாய் இத்தாலிக்காரி. அவ கிரீம் சீஸில பாதியைக் குறைச்சு ரிக்கோட்டா எண்ட இத்தாலியப் பாலாடைக்கட்டி போடுறா. இரவு முழுக்கத் துணியில கட்டித் தொங்கவிட்டு, பிறகு மிக்ஸியில அடிச்சு. அவவின்ர வீட்டில சாப்பிட்ட பிறகு நானும் அப்பிடிச் செய்து பார்த்தன். பாரம் குறைவு, பெரிய சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு துண்டு இறங்கும். அடிக்கு ஜிஞ்சர் ஸ்னாப் எண்ட இஞ்சி பிஸ்கற் போட்டுப் பாருங்கோ, கிரஹாமை விட நல்லாப் பொருந்தும்.

மீண்டும் பியோரியாவிலிருந்து:

கறுவா விஷயம் மிகச் சரி. இந்த வருடம் இரண்டு தட்டு செய்து ஒன்றில் அதையே போடப்போகிறேன். கோவைத் தங்கை சொன்ன கெட்டித் தயிரும் மனதில் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன், அவர் வீட்டில் தயிர் உறை ஊற்றப் பழகிக்கொடு என்கிறார்.

தனியாக எனக்கு எழுதிக் கேட்ட இருவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்க வேண்டும். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் நாலு நாள் தாங்கும். ஃபிரீசரில் வைப்பதென்றால் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள், ஒரு மாதம் இருக்கும். சாப்பிட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். நுரைக்க அடித்த கிரீம் மேலே வைப்பதாக இருந்தால் பரிமாறும்போது வையுங்கள், முதல் நாளே வைத்தால் தண்ணீர் விட்டுவிடும்.