கனடா, டொரன்டோ ஸ்காபரோவில் புடோல் (புடலங்காய்) எப்ப நடலாம்?

வணக்கம் உறவுகளே. பின்வளவில் 10 அடிக்கு 12 அடி துண்டு ஒன்று கொத்தி வச்சிருக்கிறன். முழுக்கக் களிமண். மழை பெய்தால் காலோடு ஒட்டுது, காய்ஞ்சால் மண்வெட்டி இறங்காது.

கத்தரி, மிளகாய் மார்ச்சிலேயே ஜன்னலோரம் போட்டது, இப்ப சாண் உயரம். போன வருஷம் அவசரப்பட்டு மே முதல் கிழமையே நட்டு, ஒரே இரவு உறைபனியில எல்லாம் கருகிப்போச்சு. அம்மா இன்னும் சொல்லிக்காட்டுறா. இந்தமுறை விக்டோரியா டே (மே பிற்பகுதியில வாற கனடா விடுமுறை) கழியட்டும் என்று இருக்கிறன்.

புடோல், பாகல் விதையை நேரே மண்ணில ஊன்றலாமோ, கப்பில முளைக்கவச்சு நடுறதோ? களிக்கு மாட்டெரு போதுமோ? மணல் கலந்தால் சீமெந்து மாதிரி இறுகும் என்று ஒருத்தர் வெருட்டுறார். முயலுக்கு எவ்வளவு உயர வலை அடிக்கவேணும்? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.