‘நம்ம வீடு’ குழுவில் பாப்பாவின் ப்ராஜெக்ட்

6 அக்டோபர்

அம்மா: பாப்பா காலேஜ் ப்ராஜெக்டுக்காகக் குறுவை நெல்லில் எடுத்த கணக்கை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் கொடுத்தால், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரில் போட்டு டேபிளும் விளக்கமும் எழுதியே கொடுத்துவிடுவார்களாம். அவள் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் கொடுக்கிறார்கள். கொடுத்துவிடலாமா? அண்ணி, காலேஜில் புள்ளியியல் நடத்தியவர் நீங்கள், சொல்லுங்கள்.

கும்பகோணம் அத்தை: வேண்டாம் மா. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேள்வி வரும்போது சென்டர்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார். அதைவிட முக்கியம், அவர் அந்த வயலைப் பார்த்ததே இல்லை. பாப்பா, நீ என்ன செய்தாய் என்று முதலில் சொல்லு. சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம்.

பாப்பா: பஞ்சகவ்யா தெளித்தால் நெற்குத்தில் கதிர் பிடிக்கும் தூர், அதாவது தண்டு, கூடுகிறதா என்று பார்க்கிறேன் அத்தை. மாமா நிலத்தில் வாய்க்கால் ஓரத்து வயலுக்கு 3 சதவீதக் கரைசல் தெளித்தோம். அதற்கு அடுத்த வயலுக்குத் தெளிக்கவில்லை. இரண்டிலும் தலா 30 குத்தில் தூர் எண்ணினேன்.

பாப்பா: இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் டி டெஸ்டை எக்செல்லில் போட்டேன். பி மதிப்பு 0.001 வந்தது. சிக்னிஃபிகன்ட் என்று எழுதிவிடலாம்தானே?

நீடாமங்கலம் மாமா: வாய்க்கால் ஓரத்து வயல் நன்றாகத்தான் வரும். மடைக்கு நேர் எதிரே இருக்கிறது. தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும், வண்டலும் அங்கேதான் தங்கும்.

கும்பகோணம் அத்தை: தம்பி, பஞ்சகவ்யாவே தெளிக்காத வருஷங்களிலும் அப்படித்தானா?

நீடாமங்கலம் மாமா: ஆமாம் அக்கா. ஒரு மா நிலத்துக்கு ஒரு மூட்டையாவது கூடுதலாகக் காணும். எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படி.

கும்பகோணம் அத்தை: பாப்பா, மாமா சொன்னதைப் படித்தாயா? உன் 0.001-க்குள் பஞ்சகவ்யா எவ்வளவு, மடை எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

பாப்பா: ஆனால் அத்தை, 30-ம் 30-ம் சேர்ந்து 60 சாம்பிள் இருக்கிறதே. கைடு 30-க்கு மேல் இருந்தால் போதும் என்றார்.

கும்பகோணம் அத்தை: 60 குத்து இருக்கிறது, சரி. ஆனால் நீ பஞ்சகவ்யாவைக் குத்துக்குக் குத்து தனித்தனியாகவா முடிவு செய்து தெளித்தாய்? வயலுக்குத்தானே தெளித்தாய். எதற்குத் தெளித்தாயோ அதைத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் தெளித்தது ஒன்று, தெளிக்காதது ஒன்று.

கும்பகோணம் அத்தை: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நீ ஒரே பானையில் முப்பது பருக்கை எடுத்துப் பார்த்திருக்கிறாய். அந்தப் பானையைப் பற்றி நன்றாகத் தெரிந்துவிட்டது. அடுத்த பானையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் சூடோரெப்ளிகேஷன் என்று பெயர். ஆய்வுக் கட்டுரைகளிலேயே நிறைய வரும். எக்செல்லுக்கு இது தெரியாது. 60 எண் கொடுத்தால் 60 தனி வயல் என்றே நினைத்துக் கணக்குப் போடும்.

அம்மா: அப்படியானால் குறுவையில் வெயிலில் நின்றதெல்லாம் வீணா அண்ணி?

கும்பகோணம் அத்தை: வீண் இல்லை. எண்ணப் பழகிவிட்டாள். ஒரு வயலுக்குள்ளேயே தூர் எவ்வளவு மாறுகிறது என்றும் தெரிந்துவிட்டது. இதை முன்னோட்டம் என்று எழுதலாம். குறுவைக்கு அடுத்த தாளடி நடவு இன்னும் முடியவில்லையே? சரியாகத் திட்டம் போட்டு அதில் செய்யட்டும்.

மன்னார்குடி சித்தப்பா: <மேட்டூர் நீர்மட்டம் படம்>

மன்னார்குடி சித்தப்பா: இங்கே அடுத்த வாரம்தான் நடவு. என் வயலையும் எடுத்துக்கொள் பாப்பா.

கும்பகோணம் அத்தை: அதைத்தான் கேட்க வந்தேன் தம்பி. உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தவர்களையும் சேர்த்து ஆறு பேர் வயல் கிடைக்குமா? ஒவ்வொரு வயலையும் இரண்டு பாதியாக்க வேண்டும். ஒரு பாதிக்குப் பஞ்சகவ்யா, மறு பாதிக்கு அதே அளவு வெறும் தண்ணீர்.

நீடாமங்கலம் மாமா: தண்ணீர் எதற்கு அக்கா?

கும்பகோணம் அத்தை: 3 சதவீதக் கரைசலில் மீதி 97-ம் தண்ணீர்தானே. இலை நனைந்ததால் வந்த பலனா, மருந்தால் வந்த பலனா என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

நீடாமங்கலம் மாமா: சரி. வடக்குப் பாதி கொஞ்சம் தெம்பாக இருக்கும். அதற்கே பஞ்சகவ்யா தெளித்துவிடலாம்.

கும்பகோணம் அத்தை: அது மட்டும் வேண்டாம் தம்பி. நாம் நல்ல பாதியைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி மடைக் கதைதான். ஒவ்வொரு வயலிலும் பாப்பா காசு சுண்டட்டும். பூ விழுந்தால் வடக்கு, தலை விழுந்தால் தெற்கு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ல் ஃபிஷர் வேலைக்குச் சேர்ந்தார். வயல் சோதனையில் எதை எங்கே போடுவது என்பதைக் குலுக்கலில் விட வேண்டும் என்று அவர்தான் அழுத்திச் சொன்னார். மண் எப்படி இருந்தாலும் நம் விருப்பம் அதில் நுழையாது.

நீடாமங்கலம் மாமா: ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்துக் குச்சி நட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ரகம் நாலு இடத்தில் கலைந்து கிடக்கும். இடம் இல்லாமல் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கும்பகோணம் அத்தை: அதேதான் தம்பி. வேண்டுமென்றே கலைப்பது.

மன்னார்குடி சித்தப்பா: அக்கா, என்னுடையது ஏடிடி 46. நீடாமங்கலத்தில் டிகேஎம் 13 போடுகிறார்கள். ரகம் வேறாக இருக்கலாமா?

கும்பகோணம் அத்தை: இருக்கலாம். ஒவ்வொரு வயலையும் அதன் மறுபாதியோடுதான் ஒப்பிடப் போகிறோம். ரகம், மண், தண்ணீர், யார் எவ்வளவு யூரியா போட்டார் எல்லாம் இரண்டு பாதிக்கும் பொது. மிஞ்சுவது வித்தியாசம் மட்டும்.

கும்பகோணம் அத்தை: இன்னும் சில சொல்கிறேன், குறித்துக்கொள் பாப்பா. வரப்போர வரிசைகளை எண்ணாதே, அங்கே வெயிலும் இடமும் அதிகம். நடுவில் சில வரிசை விட்டுவிடு, தெளிக்கும்போது காற்றில் அடுத்த பாதிக்குப் போகும். எண்ணுகிறவருக்கு எது தெளித்த பாதி என்று தெரியக் கூடாது. மாமா வயலை மன்னார்குடி ஆள் எண்ணட்டும், மன்னார்குடி வயலை மாமா எண்ணட்டும். வயலில் ஏதாவது நடந்தால், எலி, தண்ணீர் நிற்பது, எதுவானாலும், அன்றே தேதி போட்டு எழுது.

பாப்பா: எழுதிக்கொண்டேன் அத்தை. ஆனால் ஆறு வயல் என்றால் எண்ணிக்கை 6-தானே? அவ்வளவு குறைவான எண்ணுக்கு டெஸ்ட் போடலாமா?

கும்பகோணம் அத்தை: டி டெஸ்ட் பிறந்ததே அதற்குத்தான். டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த காசெட் என்பவர் கையில் இருந்ததெல்லாம் சின்னச் சின்ன சாம்பிள்கள். அவற்றிலிருந்து எவ்வளவு சொல்லலாம் என்று கணக்குப் போட்டு 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். எண் குறைவாக இருந்தால் அந்தச் சூத்திரம் அதற்கேற்ப கடுமையாகிவிடும். 30 என்பது சட்டம் இல்லை.

அண்ணன்: பாப்பா, லேப்டாப்பில் ஆர் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன். காசு கிடையாது. எஸ்பிஎஸ்எஸ் திருட்டுக் காப்பி எல்லாம் தேடாதே.

28 ஜனவரி

பாப்பா: ஆறு வயலும் எண்ணி முடித்தாயிற்று. ஒவ்வொரு பாதியிலும் 30 குத்து. அத்தை சொன்னபடி 30-க்கும் சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கிவிட்டேன். ஒரு வயலுக்கு ஒரு வரி, தெளித்த பாதிக்கு ஒரு பத்தி, தண்ணீர்ப் பாதிக்கு ஒரு பத்தி.

மன்னார்குடி சித்தப்பா: சராசரிதான் எடுக்கப் போகிறாய் என்றால் முப்பது எதற்கு? இரண்டு எண்ணினால் போதாதா? என் முதுகு போய்விட்டது.

பாப்பா: முப்பது எண்ணினால் அந்தப் பாதியின் சராசரி ஆடாமல் நிற்கும் சித்தப்பா. ஆனால் வயல் ஆறுதான், அந்த எண்ணிக்கை அதனால் அதிகமாகாது.

கும்பகோணம் அத்தை: இதைத்தான் வைவாவில் சொல்ல வேண்டும். இதே வார்த்தையில் சொல்லு. டெஸ்ட் போடும் முன் வித்தியாசத்தை அனுப்பு.

பாப்பா: தெளித்த பாதியிலிருந்து தண்ணீர்ப் பாதியைக் கழித்தால், குத்துக்கு 2.0, 1.0, 0.5, 3.0, 1.5. சித்தப்பா வயலில் மட்டும் மைனஸ் 0.5. சராசரி 1.25 தூர்.

கும்பகோணம் அத்தை: ஒரு கோடு கிழித்து ஆறு புள்ளியையும் அதில் வை. ஐந்து பூஜ்யத்துக்கு வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். படம் போட்டுப் பார்த்த பிறகு டெஸ்ட் என்ன சொல்லும் என்று உனக்கே ஓரளவு தெரிந்துவிடும். சரி, இப்போது ஓட்டு. ‘பேர்டு’, அதாவது ஜோடி, என்பதை ட்ரூ என்று கொடுக்க மறக்காதே. கொடுக்காவிட்டால் ஆர் தானாக வெல்ச் டெஸ்ட்டை ஓட்டிவிடும். அது ஜோடியைப் பார்க்காது, ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை எல்லாம் உள்ளே இழுத்துவிடும்.

பாப்பா: டி 2.52, டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் 5, பி 0.053.

பாப்பா: சிக்னிஃபிகன்ட் என்று எழுத 0.05-க்குக் கீழே வர வேண்டும், மேலே போய்விட்டது 😢

அம்மா: ஃபெயிலா?

கும்பகோணம் அத்தை: யாரும் ஃபெயில் ஆகவில்லை மா.

பாப்பா: என் தோழி ஒரு யோசனை சொன்னாள். சித்தப்பா வயலை எடுத்துவிட்டுப் போட்டேன். பி 0.02 வருகிறது. அங்கே தண்ணீர் தேங்கியது என்று காரணம் எழுதலாமா அத்தை?

கும்பகோணம் அத்தை: தண்ணீர் தேங்கியது என்று அன்றைக்கே நோட்டில் எழுதினாயா?

பாப்பா: இல்லை.

மன்னார்குடி சித்தப்பா: தேங்கியதுதான், ஆனால் இரண்டு பாதியிலும்தான் தேங்கியது.

கும்பகோணம் அத்தை: அப்படியானால் எடுக்கக் கூடாது. எண் பிடிக்கவில்லை என்பதால் ஒரு வயலை எடுத்தால் மிச்சம் உள்ள 0.02 பொய். பஞ்சகவ்யா வேலை செய்யாத ஒரு வயலைப் பார்த்தோம் என்பதும் உன் ஆய்வின் முடிவுதான். சென்டர்களில் கொடுக்கும் வேலையில் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். கேட்காமலேயே இரண்டு எண்ணைத் தூக்கிவிட்டு சிக்னிஃபிகன்ட் ஆக்கிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. அப்படிப் பல ரெக்கார்டுகளைத் திருத்தியிருக்கிறேன்.

அண்ணன்: அத்தை, 0.05 என்றால் பஞ்சகவ்யா பொய் என்பதற்கு 5 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமா?

கும்பகோணம் அத்தை: இல்லை. பெரும்பாலோர் இப்படித்தான் படித்துக்கொள்கிறார்கள். பஞ்சகவ்யாவால் ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொள். அப்போதும் ஆறு வயலில் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ வரலாம். அதற்கான வாய்ப்பு 0.053. அவ்வளவுதான் பி சொல்லும். பலன் உண்டா இல்லையா என்பதற்கு அது மார்க் போடவில்லை. பலன் பெரியதா சின்னதா என்றும் சொல்லவில்லை.

கும்பகோணம் அத்தை: 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே இதைப் பற்றி அறிக்கை விட்டது. பி ஒரு எல்லையைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று அதில் இருக்கிறது. 0.049 என்றால் உண்மை, 0.053 என்றால் பொய் என்று எந்த வயலும் நடந்துகொள்ளாது. பாப்பா, அதே அவுட்புட்டில் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் என்று இரண்டு எண் இருக்கும் பார்.

பாப்பா: மைனஸ் 0.02 முதல் 2.52 வரை.

கும்பகோணம் அத்தை: உன் அத்தியாயத்தின் மையம் அதுதான். மாமாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்.

பாப்பா: மாமா, பஞ்சகவ்யா தெளித்தால் குத்துக்கு இரண்டரைத் தூர் வரை கூடலாம். ஒன்றுமே கூடாமலும் போகலாம். ஆறு வயலை வைத்து அதைவிடக் குறுக்கிச் சொல்ல முடியாது. கூடும் பக்கம்தான் சாய்வு இருக்கிறது.

நீடாமங்கலம் மாமா: புரிகிறது. தூர் கூடினால் நெல் கூடுமா?

பாப்பா: அதை நான் அளக்கவில்லை மாமா. கதிரில் மணி எத்தனை, பதர் எவ்வளவு என்று பார்க்கவில்லை. அதனால் மகசூல் கூடும் என்று எழுத மாட்டேன்.

கும்பகோணம் அத்தை: 👏👏

கும்பகோணம் அத்தை: இப்போது முடிவைப் பத்தியாக எழுதி இங்கேயே போடு.

9:40 இரவு

பாப்பா: “நீடாமங்கலம், மன்னார்குடி பகுதிகளில் தாளடிப் பருவத்தில் ஆறு வயல்கள் தலா இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டன. எந்தப் பாதிக்கு 3 சதவீதப் பஞ்சகவ்யா என்பது நாணயம் சுண்டி முடிவு செய்யப்பட்டது. தெளித்த பாதிகளில் குத்துக்குச் சராசரியாக 1.25 கதிர்த் தூர்கள் கூடுதல் (95 சதவீத இடைவெளி −0.02 முதல் 2.52 வரை, ஜோடி டி டெஸ்ட், பி = 0.053). ஐந்து வயல்களில் கூடியது, ஒன்றில் குறைந்தது. இதன்மூலம் பஞ்சகவ்யாவால் பலன் இல்லை என்பது நிரூபணமாகிறது.”

கும்பகோணம் அத்தை: கடைசி வரியை அடி. பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல இந்த ஆறு வயல் போதவில்லை என்றுதான் தெரிகிறது. இல்லை என்று நிரூபணமாகவில்லை. இரண்டும் வேறு.

பாப்பா: “ஆறு வயல்களின் அளவில் இப்பலனை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலவில்லை. கூடுதல் வயல்களில் ஆய்வு தேவை.” சரியா அத்தை?

கும்பகோணம் அத்தை: சரி. எத்தனை வயல் என்றும் எழுது. வித்தியாசமும் சிதறலும் இதே அளவில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு எண்பது முறை அந்தப் பலனைக் கண்டுபிடிக்கச் சுமார் 10 வயல் வேண்டியிருக்கும். பவர் கணக்கு என்று பெயர், ஆரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வா, உட்கார்ந்து போடலாம். சென்டருக்கு வைத்திருந்த காசில் பஸ்ஸுக்கு எடுத்துக்கொள்.

அம்மா: நானும் வருகிறேன் அண்ணி.

மன்னார்குடி சித்தப்பா: குறுவைக்குப் பத்து வயல் நான் பேசி வைக்கிறேன். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆனால் எண்ணுவதற்கு உன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வா.

நீடாமங்கலம் மாமா: அப்போது மணியையும் எண்ணிவிடுவோம் பாப்பா. அறுப்பன்று பாதி பாதியாகத் தனியாக அடித்து எடை போட்டுத் தருகிறேன்.