ருசுட்சுவா, ஃபுரானோவா? முடிவெடுக்க உதவுங்கள்

பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு வாரத்தில் பனிச்சறுக்கு விளையாட ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகிறோம். அங்குள்ள ஷின் சிட்டோசே விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டாச்சு, எந்தப் பனிச்சறுக்குத் தலம் என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நான் சிவப்புத் தடங்களில் (நடுத்தரக் கடினம்) நன்றாகவே இறங்குவேன்; மனைவி இப்போதுதான் பழகுகிறார்.

ஹொக்கைடோவின் இன்னொரு பனிச்சறுக்குத் தலமான நிசேகோவின் பனிக்கு ஈடே இல்லை. சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து அங்கே கொட்டுகிறது. ஆனால் நேரலைக் கேமராவில் நிசேகோவின் ஹிராஃபு பகுதி லிஃப்ட் வரிசையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டோம். ருசுட்சுவில் 3 மலைகள், மரங்களுக்கு நடுவே சறுக்க அருமையான இடம். ஃபுரானோ கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் பனி மாவுபோல உலர்ந்திருக்கும், அளவுதான் குறைவு, குளிரும் கடுமை.

தடப்படங்கள், பழைய பனிப்பொழிவுக் கணக்கு எல்லாம் ஒப்பிட்டாச்சு. கூட்டம் எப்படி என்பது மட்டும் எதிலும் தெரியவில்லை. அந்த வாரத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: புதிதாகப் பழகுபவர் நெரிசலில்லாமல் சறுக்க இவ்விரண்டில் எது தேவலை?