ரயில் பாதுகாப்பு ஆணையரோடு பழகியவர்கள் எழுதுங்கள்: என் அனுபவம் முதலில்

ரயில்வேயில் பாதைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். புதிய பாதைகளைப் பார்த்து அனுமதி தரவும் விபத்துகளை விசாரிக்கவும் ரயில் பாதுகாப்பு ஆணையர் என்று ஒருவர் இருப்பதே விபத்துச் செய்தி வரும்போதுதான் பலருக்கும் தெரிகிறது. ஆய்வின்போது அவரோடு நடந்தவர்கள், விசாரணையில் எதிரே உட்கார்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தொண்ணூறுகளில் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப் பாதையாக மாற்றிக்கொண்டிருந்தோம். தென் மாவட்டம் ஒன்றில் நாங்கள் முடித்த பகுதிக்கு ஆணையர் வந்தார். அவர் பார்த்து அனுமதி தராமல் புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓடக் கூடாது என்பது சட்டம். காலையில் மோட்டார் டிராலியில் கிளம்பினோம். நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். பாதையின் அகலத்தை அளக்கும் கேஜ் கோலைத் தானே வாங்கித் தண்டவாளங்களுக்கு நடுவே வைத்து 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு சிறு பாலத்தை ஒட்டிய மண்கரையில் டிராலி நின்றது. அங்கே கீமேன் ஒருவர், அதாவது தன் பகுதிப் பாதையை நடந்து பார்த்துச் சரிசெய்யும் ஊழியர், தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாக நின்றிருந்தார். ஆணையருக்குத் தமிழ் தெரியாது. "இந்த இடம் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்" என்றார். நான் கேட்டேன். கீமேன் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, மழை விட்டதும் இந்த இடம் இறங்கிவிடுகிறது. இரண்டு தடவை ஜல்லி போட்டுத் தூக்கினோம். போன வாரம் பெய்த மழையில் மறுபடி இறங்கியிருக்கிறது. கரைக்குள்ளே தண்ணீர் நிற்கிறது என்று நினைக்கிறேன்."

நான் மொழிபெயர்த்தேன். "கொஞ்சம் தாழ்வு இருந்தது, சரிசெய்துவிட்டோம் என்கிறார்." இன்று எழுதும்போதும் கை கூசுகிறது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பின்னால் என் மேலதிகாரிகள் நின்றிருந்தார்கள்.

ஆணையர் என்னை அமைதியாகப் பார்த்தார். "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. அவர் சொன்னது முழுவதையும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். பிறகு அவர் இருபது அடி பின்னால் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் பள்ளம் தப்பாது. எங்களையும் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்க்க வைத்தார்.

பாதைக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கரையில் மட்டும் 30 கிலோமீட்டர் வேகம் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. கிளம்பும்போது அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது: "அடுத்த முறை வரும்போதும் அந்தக் கீமேனை இதே பாதைப் பகுதியில் நான் பார்க்க வேண்டும்." உண்மையைச் சொன்னதற்காக அவரை யாரும் தூக்கியடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னார்.

இந்தத் துணிவு தனிமனித குணத்தால் மட்டும் வருவதில்லை. ஆணையராக வருகிறவர் ரயில்வேயிலேயே பல ஆண்டுகள் வேலை செய்து, ஜல்லியும் சிக்னலும் தெரிந்தவர். ஆனால் ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரயிலை ஓட்டுகிறவர்களே தங்கள் தவற்றுக்குத் தாங்களே நீதிபதியாக இருக்கக் கூடாது என்று 1941இல் இந்த ஆய்வுப் பிரிவை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்தார்கள். இன்று அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தலைமை அலுவலகம் லக்னோவில். 1961இல்தான் 'ரயில் பாதுகாப்பு ஆணையர்' என்ற பெயர் வந்தது.

*

பதில்: ஓய்வுபெற்ற கேட் கீப்பர்

ஐயா, என் கேட்டுக்கும் ஒரு முறை ஆணையர் வந்தார். நான் பெண் என்பதால் சுலபமான கேள்வியாகக் கேட்பார் என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள். அவர், "கேட்டில் லாரி நின்றுபோய்விட்டது. ரயில் வரும் நேரம். என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்" என்றார்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்வதைக் காட்டினேன். சிவப்புக் கொடியை நட்டேன். டெட்டனேட்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினேன். ரயில் சக்கரம் ஏறினால் வெடித்துச் சத்தத்தால் ஓட்டுநரை எச்சரிப்பவை அவை. 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று வைக்க வேண்டும். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. அவர் முதலில் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தை அதிகாரிகளிடம் காட்டி, "நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் இந்த 1200 மீட்டரை முக்கால் நிமிடத்துக்குள் கடந்துவிடும். இந்த அம்மா எவ்வளவு நேரம் ஓடினார் என்று பாருங்கள்" என்றார். கேட் மூடினால்தான் ரயிலுக்குப் போகச் சிக்னல் கிடைக்கும் என்கிற இன்டர்லாக்கிங் அப்போது எங்கள் கேட்டுக்கு இல்லை. அது எப்போது வரும் என்று அங்கேயே நின்று கேட்டார்.

2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதுவும் இன்டர்லாக்கிங் இல்லாத கேட்தான். செய்தியைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

*

பதில்: பயணி, சென்னை

நான் ரயில்வே ஊழியன் அல்லன். தடம் புரண்ட ரயில் ஒன்றில் இருந்தேன். விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் நேரில் வரலாம், கடிதமும் எழுதலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. சாதாரணப் பயணி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் தடுத்தார்கள். ஆனாலும் போனேன்.

ஆணையர் யார் குற்றவாளி என்று என்னிடம் கேட்கவில்லை. "முதலில் சத்தம் கேட்டதா, குலுக்கல் வந்ததா? மேல் படுக்கையில் இருந்த பெட்டி எந்தப் பக்கம் விழுந்தது? விளக்கு அணைந்தது அதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டார். பெட்டி விழுந்த பக்கத்தைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார்கள்.

*

மறுபடி நான்

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி. அந்தப் பெட்டிக் கேள்வி ஆணையர் ஒருவரின் மொத்த அனுபவத்திலிருந்து வருவது.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. ஆணையர் அறிக்கையில் எழுதுவது பரிந்துரைதான். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹாநகா பஜாரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியதற்குச் சிக்னல் வயரிங்கில் நடந்த தவறுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. 2022 மே மாதத்தில் பாங்க்ராநயாபாஸ் நிலையத்திலும் தவறான வயரிங்கால் ஒரு சம்பவம் நடந்ததை அதே அறிக்கை எடுத்துக்காட்டியது. அப்போதே விழித்திருந்தால் இவ்வளவு உயிர் போயிருக்காது. ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012இலேயே சட்ட அதிகாரம் கொண்ட தனிப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று கேட்டது. அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கீமேன் என்ன ஆனார் என்று தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். கரையை வெட்டித் தண்ணீர் வடிய வழி செய்தோம். அவர் சொன்னது சரி, உள்ளே களிமண் ஊறிக் கிடந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டியும் மட்டம் இறங்காததால் வேகக் கட்டுப்பாட்டை நீக்க உத்தரவு வந்தது. அங்கே நட்டிருந்த வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடுங்க, பாதைப் பணியாளர் கேங்கிலிருந்து வேறு யாரையும் நான் அனுப்பவில்லை. அவரைக் கூப்பிட்டேன். பலகையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அவர் தண்டவாளத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.