பேர்ல் ஹார்பருக்கு முன்பே ரங்கூனில் அமெரிக்கச் சரக்கு: நடுநிலைச் சட்டம் என்ன ஆனது?

கமாயுட் குமரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த ஞாயிறு "அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் வந்த விதம்" பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். பள்ளிப் பாடத்தில் இருப்பது ஒரே வரிதான்: ஒதுங்கியிருந்த நாடு, 1941 டிசம்பர் 7இல் ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பான் குண்டு போட்டது, மறுநாள் போரில் இறங்கியது. ஆனால் அதே 1941 மழைக்காலத்தில் நம்ம ரங்கூன் துறைமுகத்தில் சீனாவுக்கான அமெரிக்க லாரிகளும் பெட்டிகளில் விமானங்களும் இறங்கிக்கொண்டிருந்தன. போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று 1935இலேயே சட்டம் போட்டவர்கள் அவர்கள். பிறகு எப்படி? சட்டத்தை மீறினார்களா, மாற்றினார்களா?

இன்னொன்று. பறக்கும் புலிகள் (சீனாவுக்காகப் பறந்த அமெரிக்க விமானிகள்) பேர்ல் ஹார்பருக்கு முன்னாடியே ஜப்பான் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பழைய ஏடு:

தம்பி, சீன விஷயத்தில் சட்டத்தை மீறவும் இல்லை, மாற்றவும் இல்லை. உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

1935 ஆகஸ்ட் 31இல் வந்த முதல் நடுநிலைச் சட்டம் ஆயுத விற்பனையைத் தடுத்தது. 1936 பிப்ரவரியில் போரிடும் நாடுகளுக்குக் கடன் தரக் கூடாது என்று சேர்த்தார்கள். 1937 மே 1இல் சட்டம் நிரந்தரமானது. ஆயுதம் தவிர்த்த மற்றச் சரக்கை மட்டும் ரொக்கம் கொடுத்து, சொந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று இரண்டு வருடத்துக்கு ஒரு வழி விட்டார்கள். "கேஷ் அண்ட் கேரி" என்பது இதுதான். ஆனால் இத்தனை தடைக்கும் சாவி ஒன்றுதான். "போர் நிலை இருக்கிறது" என்று ஜனாதிபதி அறிவிக்க வேண்டும். அவர் வாய் திறக்காதவரை சட்டம் தூங்கும்.

இரண்டு மாதம் கழித்து, 1937 ஜூலை 7இல், மார்க்கோ போலோ பாலத்தில் சீன-ஜப்பான் சண்டை வெடித்தது. ஜப்பான் அதைப் போர் என்று சொல்லவில்லை, "சீன நிகழ்வு" என்றது. சீனாவும் போர் அறிவிக்கவில்லை. அறிவித்தால் அமெரிக்கச் சரக்கு நின்றுவிடும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதைப் பிடித்துக்கொண்டு அறிவிக்காமல் விட்டார். காரணம் கணக்கு. அறிவித்திருந்தால் ஆயுதம் இருவருக்குமே கிடைக்காது. ஜப்பான் சொந்தமாகச் செய்துகொள்ளும், சீனாவால் முடியாது. எண்ணெயையும் இரும்பையும் ரொக்கம் கொடுத்து ஏற்றிப் போக ஜப்பானிடம் பணமும் கப்பலும் இருந்தன. சீனாவிடம் கப்பலும் இல்லை, கரையை ஜப்பான் கடற்படை அடைத்தும் வைத்திருந்தது. அட்லாண்டிக்கில் பிரிட்டனுக்குக் கைகொடுத்த அதே விதி பசிபிக்கில் ஜப்பானுக்குக் கைகொடுத்திருக்கும்.

1937 செப்டம்பர் 14இல் ஒரு அரைத் தடை மட்டும் போட்டார்: அரசுக் கப்பல்கள் இரு நாட்டுக்கும் ஆயுதம் ஏற்றக் கூடாது, தனியார் கப்பல் போனால் சொந்தப் பொறுப்பு. இந்த இடைவெளியில்தான் சரக்கு ரங்கூனுக்கு வர ஆரம்பித்தது. பணத்துக்கும் ஒரு வழி கண்டார்கள். 1938 டிசம்பரில் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி 2.5 கோடி டாலர் கொடுத்தது. காகிதத்தில் அது வணிகக் கடன். அடைப்பது துங் எண்ணெயில், அதாவது வார்னிஷுக்குப் போகும் கொட்டை எண்ணெயில். அந்தப் பணத்தில் வாங்கியதில் லாரிகளும் உண்டு. லாரி மேலே போகும், துங் எண்ணெய் கீழே வரும்.

ஐரோப்பாவில் இந்த விளையாட்டு நடக்கவில்லை. அங்கே 1939 செப்டம்பரில் முறையாகப் போர் அறிவித்துவிட்டார்கள். ரூஸ்வெல்ட்டும் நடுநிலையை அறிவித்துத் தடையை அமலாக்க வேண்டியதாயிற்று. அதனால் அங்கே சட்டத்தையே மாற்ற வேண்டிவந்தது. 1939 நவம்பர் 4இல் ஆயுதத்தையும் ரொக்கத்துக்கு விற்கலாம் என்றார்கள். 1940 கடைசியில் பிரிட்டனிடம் டாலர் தீர்ந்தது. முதல் உலகப் போர்க் கடனை அடைக்காத நாட்டுக்குப் புதுக் கடன் கூடாது என்று 1934இன் ஜான்சன் சட்டம் குறுக்கே நின்றது. ஆகவே 1941 மார்ச் 11இல் லெண்ட்-லீஸ்: கடன் கொடுக்காதே, பொருளையே இரவலாகக் கொடு. மே 6இல் சீனாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நீங்கள் சொல்லும் மழைக்காலச் சரக்கில் இந்த வழியில் வந்ததும் உண்டு.

மிங்கலாடன்காரர்:

நண்பர் சொன்னது தவறு, குமரன். பறக்கும் புலிகளின் முதல் சண்டை 1941 டிசம்பர் 20, சீனாவின் குன்மிங் வானில். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு 13 நாள். ரங்கூன் வானில் டிசம்பர் 23உம் 25உம். அதற்கு முன் பர்மாவின் டவுங்கூவில் பயிற்சி மட்டும்தான்.

ஆனால் ஆட்கள் வந்த விதம் உங்கள் பேச்சுக்குத் தேவைப்படும். தரைப்படை, கடற்படை, மரைன் பிரிவுகளில் இருந்த விமானிகள் முறைப்படி வேலையை விட்டார்கள். பிறகு ஒரு தனியார் விமானக் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள்: சாதாரண விமானிக்கு மாதம் 600 டாலர், வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பான் விமானத்துக்கும் 500. பாஸ்போர்ட்டில் தொழில் வேறு ஏதோ. சீருடையோடு வந்திருந்தால் அது அமெரிக்கப் படை. கம்பெனி ஆள் என்றால் யாரும் கேட்க முடியாது. பர்மாவை ஆண்ட பிரிட்டிஷாரும் அப்போது ஜப்பானோடு போரில் இல்லை, அதனால் இங்கிருந்து போய்த் தாக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

விமானம் 100, பி-40 ரகம், பிரிட்டனுக்கு ஒதுக்கியிருந்ததைச் சீனாவுக்கு விட்டுக்கொடுத்தவை. பெட்டியில் வந்ததை ரங்கூனின் மிங்கலாடன் விமான நிலையத்தில் பூட்டினார்கள். குறிபார்க்கும் கருவி இல்லை, ராணுவ ரேடியோ இல்லை, உதிரி பாகமோ மிகக் குறைவு. ஒன்று ஓடுபாதையில் சறுக்கினால் இன்னொன்றைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

துறைமுகத்தில் என்ன அடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூனிலிருந்து மண்டலே வழியாக லாஷியோ வரை ஒற்றை ரயில் தடம். நடுவே கோட்டெய்க் பாலம் (அதன் எஃகே பென்சில்வேனியாவிலிருந்து வந்தது, 1901இல் முடித்தார்கள்). லாஷியோவிலிருந்து குன்மிங் வரை 1,154 கி.மீ. மலைச் சாலை. லாரி தன் பெட்ரோலைத் தானே சுமக்க வேண்டும். தூரம் கூடக் கூடப் பாரத்துக்கு இடம் குறையும். மேலே மீக்கொங், சால்வீன் ஆற்றுப் பாலங்களை 1940 அக்டோபரிலிருந்து ஜப்பான் குண்டு போட்டது. 1941இல் நியூயார்க் லாரித் தொழில் நிபுணர் டேனியல் ஆர்ன்ஸ்டைன் குழு வந்து சாலையைப் பார்த்தது. குண்டைவிட அவர்கள் கண்ணில் பட்டது வேறு: ஒவ்வொரு சாவடியிலும் வேறு வேறு இலாகா, கிரீஸ் போடாத வண்டி, அளவுக்கு மேல் பாரம். கப்பலில் இறங்கும் வேகத்துக்குச் சாலையில் ஏறவில்லை. சரக்கு ரங்கூனில் மலைபோலக் குவிந்தது.

டிசம்பர் 23 குண்டுவீச்சுக்குப் பிறகு கப்பலில் மூட்டை இறக்க ஆளே இல்லை. துறைமுகக் கூலிகளில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். அவர்களோடு நம்மவர்களும் சேர்ந்துதான் இந்தியாவை நோக்கிப் புரோம் சாலையில் நடந்தார்கள். 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் நுழைவதற்குள், பாதி பூட்டிய நூற்றுக்கணக்கான லாரிகளையும் டயர்களையும் எரித்துவிட்டுத்தான் போனார்கள்.

தட்டோன் தமிழன்:

இரண்டு ஐயாமார் சொன்னதும் சரி. ஆனால் பழைய ஏடு ஐயா ஒரு பக்கத்தை லேசாக விட்டுவிட்டார். சட்டத்தைத் தூங்கவிட்டதால் சீனாவுக்கு லாரி கிடைத்தது உண்மை. அதே தூக்கத்தில்தான் ஜப்பானும் அமெரிக்க எண்ணெயையும் பழைய இரும்பையும் தாராளமாக வாங்கியது. ஜப்பான் எரித்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து. சீன நகரங்களில் குண்டு போட்ட விமானத்தில் எரிந்ததும் அதுதான். நடுநிலை என்பது இருவருக்கும் விற்பது என்று ஆகிவிட்டது.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியதுதான் போருக்குப் போன உண்மையான வழி. 1939 ஜூலை 26இல், ஜப்பானோடு 1911இல் போட்ட வணிக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஆறு மாத நோட்டீஸ். 1940 ஜூலையில் விமானப் பெட்ரோலுக்கும் உயர்ரக இரும்புக்கும் கட்டுப்பாடு. செப்டம்பரில் எல்லாப் பழைய இரும்புக்கும் தடை. 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் படையை இறக்கியதும், 26ஆம் தேதி ஜப்பான் சொத்துகளை முடக்கினார்கள். பணத்தை எடுக்க முடியாவிட்டால் எண்ணெய் எப்படி வாங்குவது? ஆகஸ்டுக்குள் எண்ணெய் நின்றே போனது. கையிருப்பு தீர்வதற்குள் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்க வேண்டும், பக்கத்தில் அமெரிக்கக் கடற்படை இருக்கக் கூடாது. டோக்கியோவின் கணக்கு இதுதான்.

நம்ம ஊர்க் குறிப்பு ஒன்று. 1940 ஜூலை 18இலிருந்து மூன்று மாதம் பிரிட்டன் ஜப்பானுக்குப் பணிந்து பர்மா சாலையை (அந்த லாஷியோ-குன்மிங் சாலையை) மூடியது: ஆயுதம், பெட்ரோல், லாரி, ரயில் சாமான் எதுவும் போகக் கூடாது. அமெரிக்கா முகம் சுளித்தது, வேறொன்றும் செய்யவில்லை. மழைக்காலம் என்பதால் நஷ்டம் குறைவுதான். செப்டம்பர் 27இல் ஜப்பான் ஜெர்மனி, இத்தாலியோடு கூட்டுச் சேர்ந்த பிறகு அக்டோபர் 18இல் திறந்தார்கள்.

கமாயுட் குமரன்:

நன்றி ஐயா. அப்படியானால் 1941 நடுவிலேயே மக்கள் மனம் போருக்குத் தயாராகிவிட்டது என்று சொல்லலாமா?

பழைய ஏடு:

சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். கட்டாயப் படைச் சேவையைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நீட்டும் மசோதா 1941 ஆகஸ்ட் 12இல் கீழவையில் 203க்கு 202. ஒரே ஓட்டு! அட்லாண்டிக்கில் செப்டம்பரிலேயே ஜெர்மன் நீர்மூழ்கியைக் கண்டதும் சுடு என்று உத்தரவு. அக்டோபர் 17இல் அமெரிக்கப் போர்க்கப்பல் 'கியர்னி' அடிபட்டு 11 பேர் செத்தார்கள், 31இல் இன்னொரு போர்க்கப்பல் 'ரூபன் ஜேம்ஸ்' மூழ்கியது. அதற்கு அப்புறமும், வணிகக் கப்பலுக்குப் பீரங்கி பூட்டிப் போர்ப் பகுதிக்குள் விடலாம் என்ற திருத்தம் நவம்பரில் கீழவையில் 212க்கு 194தான், செனட்டில் 50க்கு 37. நடுநிலைச் சட்டத்தின் முதுகெலும்பை உடைத்த ஓட்டு அது. அதிலும் எதிர்த்தவர்கள் அத்தனை பேர். டிசம்பர் 8இல் அதே கீழவை 388க்கு 1, செனட் 82க்கு 0. பேர்ல் ஹார்பர் மாற்றியது இந்த எண்களைத்தான்.

அன்று போர் அறிவித்தது ஜப்பான்மேல் மட்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஜெர்மனியும் இத்தாலியும் டிசம்பர் 11இல் தாமாக அறிவித்தன. அன்றே வாஷிங்டன் பதில் அறிவித்தது. ஹிட்லர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ரூஸ்வெல்ட்டுக்குத்தான் சங்கடம்.

மிங்கலாடன்காரர்:

தேதி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ஹவாயில் டிசம்பர் 7 காலை எட்டு மணிக்குச் சற்று முன் முதல் குண்டு விழுந்தபோது ரங்கூனில் நள்ளிரவு தாண்டி டிசம்பர் 8 பிறந்துவிட்டது. பர்மா, மலாயா ஏடுகள் 8 என்றும் அமெரிக்க ஏடுகள் 7 என்றும் சொல்லும், இரண்டும் சரி. பலகையில் இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். அப்போதைய பர்மா பிரதமர் ஊ சா, சுயாட்சி கேட்டுப் போன லண்டனிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் வழியில் அந்த நாட்களில்தான் ஹவாயில் மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் யாராவது கட்டாயம் அவரைப் பற்றிக் கேட்பார்கள்.